குட்டி வீட்டுக்குள்ளயே உச்சா போகுதா? உங்க கேள்விகளும் என் பதில்களும்

14 வருஷமா மதுரைல நாய் பழக்கிட்டு இருக்கேன். குட்டிய வீட்டுல பழக்குறது பத்தி மட்டும் கேளுங்கன்னு சொல்லிருந்தேன், நிறைய கேள்வி வந்துருச்சு. கேக்கும்போது குட்டிக்கு எத்தன நாள் ஆச்சு, தடுப்பூசி எத்தன போட்டாச்சு, வீடு மாடியா தரையான்னு சேத்துச் சொல்லுங்க, அது தெரியாம பதில் சொல்ல முடியாது.

பல்லாவரம், பீகிள் ஆண், 70 நாள்: அக்கா, மூணாவது மாடி ஃபிளாட். குட்டி வந்து 12 நாள் ஆச்சு. கீழ ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அரை மணி நேரம் மோந்து பாத்துக்கிட்டே நிக்குது, ஒன்னும் போகல. மேல வந்து கதவ சாத்துன அடுத்த நிமிஷம் சோபா பக்கத்துல போயிடுது, அதுவும் எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே. வேணும்னே பண்ணுதுன்னு வீட்டுல சொல்றாங்க. பீகிள்னாலே பிடிவாதம்தானா?

தம்பி, மொதல்ல அத ரோட்டுல இறக்குறத இன்னிக்கே நிறுத்துங்க. 70 நாள்னா ஊசி கோர்ஸ் பாதிதான் முடிஞ்சிருக்கும். 6லேர்ந்து 8 வாரத்துல மொத ஊசி, அப்பறம் 3, 4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடணும். பார்வோங்கிற வயித்துநோய்க் கிருமி மண்ணுல மாசக்கணக்கா சாகாம கெடக்கும், நோய் வந்த நாய் அங்க போயி ரொம்ப நாள் ஆயிருந்தாலும் சரி. ரத்தமா பேதி போயி ரெண்டு மூணு நாள்ல குட்டி கைய விட்டுப் போனத நெறைய பாத்துட்டேன். உங்களுக்கு மொட்டை மாடி இருக்குல்ல, அங்க தெருநாய் வராத ஒரு மூல போதும், இல்லன்னா பால்கனில ஒரு ட்ரேல மண்ணும் புல்லும் போட்டு வைங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். வேணும்னே பண்ணல. கீழ வண்டி சத்தம், புது வாசன, வேற நாய் கொரைக்கிறது, இவ்ளோ இருக்கும்போது குட்டி உடம்பு இறுக்கமா இருக்கும், உச்சா வராது. வீட்டுக்கு வந்து கதவ சாத்துனதும் அதுக்கு நிம்மதி, உடம்பு தளருது, வந்துருது. உங்க மூஞ்சியப் பாக்குறது நீங்க போன தடவ கத்துனீங்கள்ல, அதனால, பயத்துல பாக்குது.

செய்ய வேண்டியது இதுதான். தூங்கி எந்திரிச்ச உடனே, சாப்பிட்ட பத்து இருவது நிமிஷத்துல, வெளையாடி முடிச்ச உடனே, இந்த மூணு நேரமும் கேள்வியே இல்லாம தூக்கிட்டு மாடிக்குப் போகணும், நடக்க விடாதீங்க, படியிலயே போயிடும். இது இல்லாம முழிச்சிருக்குற நேரத்துல முக்கா மணிக்கு ஒருக்கா. மாடில பெல்ட்டோட அதே மூலைல நின்னுக்கிட்டு ஒரே வார்த்தைய சொல்லுங்க, "உச்சா போ"ன்னா தினமும் அதேதான், வீட்டுல நாலு பேரும் நாலு வார்த்த சொல்லக் கூடாது. அஞ்சாறு நிமிஷம் பாருங்க. போகலன்னா தூக்கிட்டு வந்து கீழ விடாதீங்க, மடியிலயே வச்சுக்குங்க, இல்ல பெல்ட்ட உங்க இடுப்புல கட்டிக்குங்க, பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப மாடி. போயிருச்சுன்னா அந்த எடத்துலயே, அந்த நொடியிலயே, ஒரு துண்டு அவிச்ச சிக்கன். வீட்டுக்கு வந்து குடுத்தா படியேறி வந்ததுக்குன்னு நெனச்சுக்கும். இன்னொன்னு, போன உடனே தூக்கிட்டு ஓடி வராதீங்க, அஞ்சு நிமிஷம் வெளையாட விடுங்க. போனா வெளையாட்டு முடிஞ்சிரும்னு புரிஞ்சுச்சுன்னா அடக்கிக்கிட்டே நிக்கும், பீகிள் இதுல ரொம்ப சீக்கிரம் கத்துக்கும், அதத்தான் பிடிவாதம்னு சொல்றாங்க.

திருநெல்வேலி, நாட்டுக் குட்டி, 2 மாசம்: தரைல போகாது, வாசல் மிதியடில மட்டும்தான் போகுது.

மிதியடி மெத்துன்னு இருக்கு, மூத்திரத்த உறிஞ்சுது, கால்ல தெறிக்காது, அதுக்குப் புல்லு மாதிரி. ஒரு மாசத்துக்கு வீட்டுல இருக்குற எல்லா மிதியடியையும் சுருட்டி பரண்ல போடுங்க. நனஞ்ச ஒரு மிதியடிய மட்டும் துவைக்காம கொல்லைல நீங்க நெனக்கிற எடத்துல போட்டு வைங்க, அங்க தானா போகும்.

ஈரோடு: மேடம், தினமும் பினாயில் ஊத்தித் தொடைக்கிறோம், ஆனா திரும்பத் திரும்ப அதே எடத்துலதான் போகுது.

பினாயில் நம்ம மூக்குக்குத்தான் வாசத்த மறைக்கும், நாய் மூக்குக்கு அடியில மூத்திர வாசன அப்படியே இருக்கும், அதுவும் டைல்ஸ் இடுக்குல எறங்கிருச்சுன்னா மாசக்கணக்குல இருக்கும். குட்டி தரைய நக்குங்கிறதால பினாயில் அதுக்கு நல்லதும் இல்ல. மொதல்ல பழைய துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, பரவிரும். அப்பறம் பெட் ஷாப்ல என்ஸைம் க்ளீனர்னு கேளுங்க, அத ஊத்திப் பத்து பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டுத் தொடைக்கணும், ஊத்துன உடனே தொடச்சா காசு வேஸ்ட். அது கெடைக்கலன்னா வினிகரும் தண்ணியும் சரி பாதி. மார்பிள், மொசைக் தரைக்கு வினிகர் வேணாம், பாலிஷ் போயிரும். ப்ளீச்சிங் பவுடர மூத்திரத்து மேல போடவே போடாதீங்க, கண்ணு எரியிற வாயு வரும், உங்களுக்கும் ஆகாது, குட்டிக்கும் ஆகாது.

கரூர், பக், 3 மாசம்: காலைல பால்சோறு, சாயங்காலம் பாலும் பிஸ்கட்டும் குடுக்குறோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ கக்கா போகுது, தண்ணியா இருக்கு.

பால நிறுத்துங்க. தாய்ப்பால் குடி மறந்ததும் பால்ல இருக்குற சக்கரைய செரிக்கிற சக்தி நெறைய நாய்க்குக் கொறஞ்சிரும், அதான் கழிச்சல். வயிறு சரியில்லாத குட்டியால அடக்க முடியாது. குட்டிக்குன்னு வர்ற சாப்பாடு, இல்ல சோறும் அவிச்ச கோழியும், மூணு வேள, தினமும் ஒரே நேரத்துல. வயித்துல சாப்பாடு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிக்கும், அதனால சாப்பாட்டுக்கு நேரம் வச்சா கக்காவுக்கும் நேரம் வந்துரும். நாள் பூரா தட்டுல சோறு கெடந்தா எப்ப போகும்னு உங்களுக்கும் தெரியாது. பூச்சி மருந்து எப்ப குடுத்தீங்கன்னு பாருங்க. பால நிறுத்தியும் ரெண்டு நாள்ல நிக்கலன்னா, இல்ல சோர்ந்து போனா, ரத்தம் வந்தா, அன்னிக்கே டாக்டர்.

திண்டுக்கல், லேப் ஆண், 4 மாசம்: இதுக்கெல்லாம் எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுறீங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரே வழிதான், போன எடத்துல மூக்கப் புடிச்சுத் தேச்சு ரெண்டு வைக்கணும். எங்க வீட்டு மணி 13 வருஷம் இருந்தான், ஒரு நாள் கூட வீட்டுக்குள்ள போனதில்ல.

அண்ணே, மூக்கத் தேய்க்கக் கூடாது. இத ஒவ்வொரு தடவையும் சொல்றேன், இன்னும் நூறு தடவ கேட்டாலும் இதேதான் சொல்வேன். குட்டி போயி முடிச்சு அந்தப் பக்கம் போயிட்டா, அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க அடிக்கிறது எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. அதுக்குப் புரியிறது ஒன்னுதான், இந்த ஆளு இருக்கும்போது தரைல மூத்திரம் இருந்தா அடி விழும். அதனால என்ன பண்ணும், நீங்க இல்லாத எடமாத் தேடிப் போகும்.

திண்டுக்கல்: அப்ப மணி எப்படிப் பழகுனான்?

மணி எங்க தூங்குனான்?

திண்டுக்கல்: கொல்லைல, மாட்டுக் கொட்டக பக்கத்துல. மழைன்னா திண்ணைல.

இதத்தாண்ணே சொல்ல வரேன். மணி வீட்டுக்குள்ள இருந்ததே இல்ல. அந்தக் காலத்து வீட்டுல நாய்க்கு வாசப்படிதான் எல்ல, கொல்லக் கதவு தொறந்தே கெடக்கும், பின்னாடி மண்ணு, தோட்டம், வேலி. எப்ப வந்தாலும் எந்திரிச்சு நாலடி நடந்து போயிட்டு வந்துரும். நாய்க்குப் பொறப்புலயே ஒரு சுத்தம் இருக்கு, மூணு வாரம் வரைக்கும் தாய் நக்கி விட்டாத்தான் போகும், அதுக்கப்பறம் கால் ஊனி நடக்க ஆரம்பிச்சதும் படுக்குற எடத்த விட்டுத் தள்ளிப் போயித்தான் போகும், யாரும் சொல்லித் தரணும்னு இல்ல. மணிக்கு அது போதும், தாத்தா தேச்சிருந்தாலும் தேய்க்காட்டியும் மணி அப்படித்தான் இருந்திருப்பான். இப்ப உங்க லேப் இருக்குறது சுத்தி செவரு, கீழ டைல்ஸ், கதவு பூட்டு. ஹால் டைல்ஸும் பாத்ரூம் டைல்ஸும் அதோட கால்பாதத்துக்கு ஒன்னுதான். மண்ணும் இல்ல, போறதுக்கு வழியும் இல்ல, எங்க போகணும்னு ஒருத்தரும் காட்டல, அப்பறம் அது மேல கோவப்பட்டா எப்படி.

காரைக்குடி: நான் ரிட்டயர்டு வாத்தியார். திண்டுக்கல்காரர் சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கு, பயம் இல்லாம ஒழுங்கு வராது. பிள்ளைங்களுக்கே அப்படித்தான்.

ஐயா, பிள்ளைங்கள அடிக்கிறதையும் நான் ஒத்துக்க மாட்டேன், அத விடுங்க. பிள்ளைக்காவது எதுக்கு அடிச்சேன்னு வாயால சொல்லலாம். குட்டிக்கு அந்த வழியே இல்ல. போயிக்கிட்டு இருக்கும்போதே பாத்தீங்கன்னா லேசா கை தட்டுங்க, நிறுத்தும், தூக்கிட்டு வெளிய போங்க, அங்க முடிச்சா சிக்கன். போயி முடிச்சுட்டா நம்மதான் கவனிக்கலன்னு அர்த்தம், பேசாம தொடைக்க வேண்டியதுதான்.

காரைக்குடி: 24 மணி நேரமும் நாய் பின்னாடியே சுத்த முடியுமா?

மொத ரெண்டு மூணு மாசம் சுத்தத்தான்யா வேணும். முடியாத நேரத்துக்கு ஒரு சின்ன எடத்துல தடுத்து வைங்க, வீடு பூரா அவுத்து விடாதீங்க. அதுக்கும் முடியாதுன்னா குட்டி வாங்குறத தள்ளிப் போடுங்க, தயவுசெஞ்சு.

சேலம்: அக்கா, மூக்கத் தேச்சா பழகுமா?

மேல திண்டுக்கல் அண்ணனுக்கு எழுதுனதப் படிங்க.

கோவை, லேப் பெண், 4 மாசம்: முழிச்சிருக்கும்போது மாடில அழகா போகுது, ஆனா தூங்குன எடம் மட்டும் எப்பவும் ஈரமா இருக்கு, வயித்துப் பக்கம் முடியெல்லாம் நனஞ்சிருக்கு.

இது பழக்குற விஷயமே இல்லம்மா, டாக்டர் கிட்ட காட்டுங்க. சில பெண் குட்டிக்கு சிறுநீரகத்துலேர்ந்து வர்ற கொழாய் பொறக்கும்போதே மூத்திரப் பைக்குள்ள சேராம வேற எடத்துல தெறந்திருக்கும், சொட்டிக்கிட்டே இருக்கும், ஆபரேஷன்ல சரி பண்ணலாம். இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போறது, முக்குறது, ரத்தம் கலந்து வர்றது இருந்தாலும் டாக்டர்தான். சென்னைப் பக்கம் இருக்குறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

தாம்பரம், ஷிட்சு, 65 நாள்: 35 நாள்லயே வாங்கிட்டோம். அது கூண்டுலயே போயி அதுலயே படுத்துக்குது.

35 நாள் குட்டிய வித்தவங்க செஞ்சது தப்பு. 2017ல வந்த மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது. நான் மேல சொன்ன அந்தப் பொறப்புச் சுத்தம் இதுக்கு கெட்டுப் போச்சு, போறதுக்கு வேற எடமே இல்லாத கூண்டுல வச்சிருந்துருப்பாங்க. வெறுத்துராதீங்க, நேரம் கூட ஆகும், அவ்ளோதான். கூண்டுல அடைக்கிறத கொஞ்ச நாள் விடுங்க, ஒரு தடுப்புக்குள்ள ஒரு மூலைல படுக்க, எதிர் மூலைல மூத்திரம் உறிஞ்சுற பேட், நடுவுல எடம். படுக்கைய தினம் துவைங்க. ஒரு தடவ பேட்ல போனாலும் கொண்டாடுங்க.

ராஜபாளையம் நாய், 3 மாசம், விருதுநகர்: கூப்பிட்டா திரும்பியே பாக்கல, எதச் சொன்னாலும் கேக்கல.

பின்னாடி நின்னு கை தட்டிப் பாருங்க. வெள்ள ராஜபாளையத்துல சிலதுக்கு பொறவியிலயே காது கேக்காது. கேக்கலன்னா கை சைகையில பழக்கலாம், நல்லாவே பழகும்.

ஸ்ரீரங்கம், பொமரேனியன் ஆண், 9 மாசம்: நல்லா பழகிருந்துச்சு, இப்ப ஃபிரிட்ஜ், கட்டில் காலு எல்லாத்துலயும் கால தூக்குது.

வயசுக்கு வந்துருச்சு, எட அடையாளம் வைக்குது. கருத்தட பத்தி டாக்டர் கிட்ட பேசுங்க. அது வரைக்கும் திரும்ப மொதல்லேர்ந்து, குட்டி மாதிரியே நெனச்சு.

மதுரை: எத்தன நாள்ல பழகும்?

நாள் கணக்கு சொல்ல மாட்டேன். பொதுவா 4 மாசத்துலேர்ந்து 6 மாச வயசுக்குள்ள நம்புற மாதிரி ஆகும், சிலது ஒரு வருஷம்.

நாகர்கோவில்: ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், 9 மணி நேரம் குட்டி தனியா. எப்படி அடக்கப் பழக்குறது?

அடக்க முடியாது. 3 மாசக் குட்டிக்கு மூணு நாலு மணி நேரமே அதிகம். மதியம் ஒரு ஆள் வந்து போகணும், பக்கத்து வீடோ வேலைக்கு வர்ற அக்காவோ. தண்ணியக் கொறச்சுக் குடுக்கலாமான்னு மூணு பேர் கேட்ருக்கீங்க, கூடவே கூடாது, நம்ம ஊரு வெயில்ல அது கொடும.

சேலம், இன்னொருத்தர்: 60 நாள் குட்டி, வாக்கிங் எப்ப கூட்டிட்டுப் போலாம்?

ஊசி முடியணும். பார்வோ பத்தி மொத பதில்லயே எழுதிருக்கேன், படிச்சுட்டுக் கேளுங்க.

திண்டுக்கல்: இப்ப நான் ஒன்னு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்க லேப் ஒரு வாரமா ஹால்ல போறதில்ல, பழகிருச்சுன்னு நெனச்சேன். நீங்க சொன்னதும் போயி கட்டிலுக்கு அடியில பாத்தேன், மொத்தமும் அங்கதான் இருக்கு. நான் குனிஞ்சா சுருண்டு படுத்து அங்கேயே உச்சா போயிடுது. இப்ப என்ன பண்றது?

அண்ணே, எதுக்குக் கோவம், பாத்துட்டு வந்து சொன்னீங்க பாருங்க. குனிஞ்சா போறது "என்ன ஒன்னும் பண்ணாத"ன்னு நாய் கெஞ்சுறது, அதுக்குப் போயி திட்டுனா இன்னும் போகும். இன்னிலேர்ந்து அது மேல கை ஓங்காதீங்க, வீட்டுல யாரும். கட்டிலடிய என்ஸைம் போட்டுத் தொடச்சுட்டு அட்டையால அடச்சு விடுங்க. நேரா அது மேல குனிஞ்சு தலையத் தடவாதீங்க, பக்கவாட்டுல தரைல உக்காந்து வேற பக்கம் பாத்துக்கிட்டு கைல ஒரு துண்டு சிக்கன் வச்சுக்குங்க. அது வரும், இன்னிக்கே வராது, ரெண்டு மூணு நாள் ஆகலாம். வந்தா தாடைக்குக் கீழ தடவுங்க. வெளிய கூட்டிட்டுப் போறதும் இனிமே நீங்களே போங்க, பெல்ட் கொஞ்சம் நீளமா, ஏன்னா இப்ப உங்க முன்னாடி போறதுக்கே அதுக்குப் பயம், நீங்க திரும்பி நின்னாத்தான் போகும். மொத தடவ உங்க பக்கத்துலயே நின்னு போச்சுன்னா அன்னிக்கு வந்து எழுதுங்க, நான் காத்துக்கிட்டு இருப்பேன்.