கேம் கேள்வி–பதில்: ஏன் தோற்றோம் என்று தெரிகிறதா?

ஆக்‌ஷன் கேம்களில் வரும் 'பாஸ்' (ஒரு கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) சண்டைகள் பற்றி வேலூர், ஆரணி, ஆற்காடு வட்டார வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ப்ளஸ் டூ முடித்த என் மகன் ஒரு வாரமாக ஒரே எதிரியிடம் தோற்றுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஜெயித்ததும் வீடே அதிரக் கத்தினான். கஷ்டமாக இருந்தால்தான் பிடிக்குமா?
— ஒரு தாய், குடியாத்தம்

கஷ்டம் மட்டும் இருந்தால் பிடிக்காதம்மா. பாஸின் ஹெல்த்தை, அதாவது அடி தாங்கும் அளவை, இரண்டு மடங்காக்கினாலும் கஷ்டம் கூடத்தான் செய்யும், அலுப்புதான் மிஞ்சும். திங்கட்கிழமை அவனைச் சாய்த்த அதே வாள்வீச்சை வெள்ளிக்கிழமை அவன் கை தானாகத் தடுக்கிறது. பாஸ் அப்படியேதான் இருக்கிறான், உங்கள் மகன்தான் தேறியிருக்கிறான். அது அவனுக்கே கண்கூடாகத் தெரிவதால் வருவதுதான் அந்தக் கத்தல்.

2019இல் வந்த 'செகிரோ'வைப் பாருங்கள். ஆபத்தான அடி வருமுன் சிவப்பாக ஓர் எழுத்து பளிச்சிடும். அது குத்தாகவும் இருக்கலாம், காலை வாரும் வெட்டாகவும் இருக்கலாம், பிடியாகவும் இருக்கலாம், எழுத்து ஒன்றேதான். குத்து என்றால் பின்வாங்காமல் முன்னே பாய்ந்து ஆயுதத்தை மிதிக்க வேண்டும், கீழ்வெட்டு என்றால் குதிக்க வேண்டும், பிடி என்றால் விலகி ஓட வேண்டும். எது வருகிறது என்பதை எதிரியின் தோளையும் ஆயுத முனையையும் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். புதிதாக ஆடுகிறவர்கள் பயந்து தடுப்பு பட்டனைப் படபடவென்று தட்டுவார்கள். அப்படித் தட்டினால் சரியாகத் தடுப்பதற்கான நேரத்தையே கேம் சுருக்கிவிடும். நிதானமாக ஒரே ஒரு முறை அழுத்துகிறவருக்குத்தான் அது வழிவிடும்.

2017இல் வந்த 'கப்ஹெட்'டில் தோற்றவுடன் ஒரு கோடு போட்டு, பாஸை வெல்ல எவ்வளவு தூரம் பாக்கி என்று காட்டுவார்கள். முதலில் பாதியில் செத்தவர் அடுத்ததில் முக்கால்வாசி வந்திருப்பார். பிறகு எப்படிக் கண்ட்ரோலரைக் கீழே வைப்பார்?

அடுத்த முறை மகன் தோற்றால், "ஏன் தோத்த?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வரியில் காரணம் சொன்னால் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். "தெரியலம்மா" என்றால் சாப்பிட வைத்துத் தூங்கச் சொல்லுங்கள். கைக்குப் பழகும் வேலை தூக்கத்தில் நன்றாகப் பதியும்.

பாஸ் வருமுன் காட்டும் பில்டப் எல்லாம் தேவையா? நான் ஸ்கிப் செய்துவிடுகிறேன்.
— கல்லூரி மாணவி, ஆரணி

முதல் தடவை ஸ்கிப் செய்யாதீர்கள். உங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து பாடி, கிரீடத்தையும் புஜக்கீர்த்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, அதன் பிறகுதானே வேஷக்காரரை முழுதாக விடுகிறார்கள்? திரை விலகுவதற்குள் வருகிறவர் எப்பேர்ப்பட்டவர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல பாஸின் வருகையும் அப்படித்தான். நீளமான கை என்றால் அடி தூரம் எட்டும். இழுத்துக்கொண்டு வரும் கோடரி என்றால் ஓங்க நேரம் எடுக்கும். சண்டைக்கு வேண்டிய தகவல் அங்கேயே இருக்கிறது. இரண்டாவது தடவையிலிருந்து ஸ்கிப் செய்யவிடாத கேம் என்றால் உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

நாங்கள் நான்கு பேர் யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு 3டி கேம் செய்கிறோம். வேலூர்க் கோட்டைக்குள் நடக்கும் கதை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு தூண் மண்டபத்தில் பாஸ். ஆடிப் பார்த்தவர்கள் 'அநியாயம்' என்கிறார்கள். ஹெல்த்தைக் குறைத்தால் 'சப்பை' என்கிறார்கள்.
— பொறியியல் மாணவர், காட்பாடி

ஹெல்த்தை விடுங்கள், நேரத்தை அளந்து பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் மூன்று பகுதிகள் உண்டு: ஓங்குவது, படுவது, அடித்த பிறகு அசந்து நிற்பது. ஒன்றைப் பார்த்து பட்டனை அழுத்தவே மனிதருக்கு ஏறக்குறைய கால் விநாடி ஆகும். வருவது எந்த அடி என்று பிரித்தறிய இன்னும் கொஞ்சம். ஆகவே முதல் ஃபேஸில் (சண்டையின் முதல் கட்டத்தில்) ஓங்கும் நேரம் 0.6 விநாடிக்குக் குறையவே வேண்டாம். இரண்டாவதில் 0.45 வரை இறக்கலாம். 0.3க்குக் கீழே போனால் ஆடுகிறவர் குருட்டாம்போக்கில்தான் டாட்ஜ் செய்வார் (அடியிலிருந்து விலகுவார்). தப்பித்தாலும் அவருக்குத் திருப்தி இருக்காது.

யூனிட்டியில் ஒரு பொறி இருக்கிறது. மோதல், அசைவு போன்ற இயற்பியல் கணக்குகளுக்கான ஃபிக்ஸட் அப்டேட், நீங்கள் மாற்றாதவரை, விநாடிக்கு 50 முறைதான் ஓடும். 60 முறை என்று நினைத்து, 0.6 விநாடிக்கு 36 முறை என எண்ணி வைத்திருந்தால் அது 0.6 அல்ல, 0.72 விநாடி. அனிமேஷன் ஒரு வேகம், அடி படுவது ஒரு வேகம் என்று பிசகுவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் விநாடியிலேயே எழுதுங்கள்.

அசந்து நிற்கும் நேரம், டாட்ஜ் செய்தவர் ஓடி வந்து இரண்டு வெட்டு வெட்டிவிட்டு விலகப் போதுமானதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சரியாகச் செய்ததற்குக் கூலியே இல்லை. வெட்டு விழும் கணத்தில் 0.05 விநாடி இருவரையும் அப்படியே உறைய வையுங்கள். கையில் கனம் தெரியும். பாஸின் வாள் படும் பரப்பு, திரையில் தெரியும் வாளைவிட ஒரு துளி சிறியதாக இருக்கட்டும். நூலிழையில் தப்பியவர் யாரும் புகார் சொல்ல மாட்டார். படாத வாளுக்கு அடி வாங்கியவர்தான் 'அநியாயம்' என்பார்.

அடிகளை வெறும் ரேண்டமாக எடுத்தால் ஒரே அடி நான்கு தடவை தொடர்ந்து வந்து தொலைக்கும். எல்லா அடிகளையும் சீட்டாகக் குலுக்கி, அந்தக் கட்டு தீர்ந்த பிறகே மறுபடி குலுக்குங்கள். ஹெல்த்தை ஏற்றும் ஹீல் பட்டனை ஆட்டக்காரர் அழுத்திய அதே நொடியில் பாஸ் பாய்வதையும் எடுத்துவிடுங்கள். தன் பட்டனைக் கேமே வேவு பார்க்கிறது என்று தோன்றிவிட்டால் நம்பிக்கை போய்விடும்.

தூண் மண்டபம் அருமையான களம், ஆனால் கேமரா தூணில் முட்டும். நடுவில் இரண்டு வரிசையை எடுத்துவிட்டு, கேமராவை மறைக்கும் தூணை மங்கலாக்குங்கள். பாஸ் பாய்ந்து வரும்போது ஆட்டக்காரர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினால், பாஸ் மோதி இரண்டு விநாடி கிறங்கட்டும். இதை வாயால் சொல்லித்தர வேண்டாம். முந்தைய பிராகாரத்திலேயே ஒரு சின்ன எதிரி தூணில் மோதிக் கிறங்குவதைக் காட்டிவிட்டால் போதும். யாளித் தூண்களை மட்டும் உடையும்படி வைக்காதீர்கள். அந்தக் கல் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மனசு கேட்காது.

இரண்டாம் ஃபேஸுக்குப் புது அனிமேஷன் செய்ய ஆள் இல்லையென்றால் 'ஹாலோ நைட்' கேமில் வரும் மேன்டிஸ் லார்ட்ஸ் என்ற மூன்று பாஸ்களின் சண்டையைப் பாருங்கள். முதலில் ஒருத்தி வருவாள். அவளை வென்றதும் மற்ற இருவரும் சேர்ந்து வருவார்கள். அடிகள் அதேதான், சேர்க்கை மட்டும் புதிது. அதுவரை கற்றதெல்லாம் அங்கே கைகொடுக்கும். தோற்றவர் பத்து விநாடிக்குள் மறுபடி பாஸ் முன்னால் நிற்கட்டும். 'டார்க் சோல்ஸ்' (2011) உயிர்த்தெழும் இடமான நெருப்பிலிருந்து பாஸ் வரை திரும்ப ஓட வைத்தது. அதே நிறுவனம் 'எல்டன் ரிங்'கில் (2022) பல பாஸ்களுக்குப் பக்கத்திலேயே உயிர்த்தெழும் இடம் வைத்துவிட்டது.

எல்டன் ரிங்கில் ஆவிகளைத் துணைக்கு அழைத்து ஜெயித்தால் அது வெற்றியா?
— வாசகர், ஆம்பூர்

வெற்றிதான். கேமே தந்த ஆயுதம் அது. ஆனால் பாஸ் ஆவியின் பக்கம் திரும்பிவிட்டால் அவன் அடிகளை நீங்கள் படிக்க முடியாது. முதல் சில முறை தனியாகப் போய், அடிக்காமல் விலகி விலகிப் பாருங்கள். மலேனியா என்ற பாஸிடம் மட்டும் எச்சரிக்கை: உங்கள் ஆவியை அடித்தாலும், கேடயத்தில் அடித்தாலும் அவளுக்கு ஹெல்த் ஏறும்.

கேம் சென்டரில் தப்பிக்கும் அடியில் வீட்டு டிவியில் மட்டும் அடி வாங்குகிறேன். கண்ட்ரோலர் கோளாறா?
— வாசகர், ஆற்காடு

பெரும்பாலும் டிவிதான். படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் சில மாடல்களில் 0.1 விநாடியைத் தாண்டும். டாட்ஜ் தவற அதுவே போதும். பிக்சர் செட்டிங்கில் 'கேம் மோட்' போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். சில டிவிகளில் கேம் மோடு ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐக்கும் தனித்தனியாக இருக்கும். கன்சோல் செருகியிருக்கும் போர்ட்டிலேயே மாற்ற வேண்டும். அதன் பிறகும் தாமதம் இருந்தால் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்றில் மாட்டி ஆடிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கண்ட்ரோலருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.