ஏஐக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம் வருமா? வல்லுநர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

சுருக்கமாகச் சொன்னால், இப்போதைக்கு வராது. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2018-க்காகப் பகிர்ந்துகொண்ட மூன்று ஏஐ விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. ஜெஃப்ரி ஹின்டனும் யோஷுவா பெஞ்சியோவும் ஆபத்து பெரியது, கட்டுப்பாடு வேண்டும் என்கிறார்கள். யான் லெக்குன், ஆராய்ச்சியில் கை வைக்காதீர்கள், பயன்பாட்டை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள் என்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் (2024 ஆகஸ்ட் 1 முதல் அமலில், ஆனால் விதிகள் படிப்படியாகத்தான் வருகின்றன) பெரும்பாலும் லெக்குன் சொல்லும் வழியில்தான் போகிறது. ஒரே மென்பொருள் பாட்டு பரிந்துரைத்தால் கண்டுகொள்ளாது, வேலைக்கு ஆள் எடுக்க விண்ணப்பங்களை வடிகட்டினால் கடுமையான நிபந்தனைகள், மக்களுக்கு நடத்தை மதிப்பெண் போட்டு அவர்களை நியாயமில்லாமல் ஒதுக்கினால் முழுத் தடை. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். அப்புறம் மிகப் பெரிய மாடல்களுக்கு (சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருக்கும் ஏஐ மென்பொருள்) தனி விதிகளும் உண்டு. இவை பயன்பாட்டை அல்ல, மாடலையே கட்டுப்படுத்துவதால் அங்கேதான் சண்டையே.

அமெரிக்காவில் பைடன் 2023-ல் ஏஐ பாதுகாப்புக்காகப் போட்ட ஆணையை டிரம்ப் 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார். சீனா தனி வழி.

சரி, அணுசக்திக்கு இருப்பதுபோல ஒரு சர்வதேச முகமை வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். யுரேனியத்தை எடைபோட்டுக் கணக்கு வைக்கலாம், ஒரு மாடல் வெறும் கணினிக் கோப்புதான், அதை நகலெடுத்தால் யாருக்குத் தெரியும்? கண்காணிக்க முடிந்தது ஏஐயை இயக்கும் சிப்புகளையும் தரவு மையங்களையும்தான், என் பார்வையில் பேச்சுவார்த்தை அங்கிருந்து தொடங்கினால்தான் நகரும்.