கச்சான் காலமும் வீட்டுச் சேர்வரின் சூடும்: கேள்வி பதில்

கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கத் தொடங்கினதும் சேர்வர், அதுதான் வீட்டில எந்நேரமும் ஓடுற கொம்பியூட்டர், அதின்ர சூட்டைப் பற்றித்தான் எல்லாரும் கேக்கினம். வந்ததில சிலதுக்குப் பதில்.

உப்புவெளியில இருந்து: அண்ணா, பழைய லப்டொப் ஒண்டைச் சேர்வராக்கி வைச்சிருக்கிறன். வீட்டுச் சாதனங்களைக் கவனிக்கிற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில சீபியூ 72 டிகிரி காட்டுது. பயப்பட வேணுமா?

72ஐ மட்டும் வைச்சுச் சொல்லேலாது தம்பி. அறை எத்தினை டிகிரி? கச்சானுக்க தகரக் கூரைக்குக் கீழ அறையே 36 எண்டால் வித்தியாசம் 36தான். மார்கழி மழைக்க அறை 26ஆ இருக்கேக்க அதே 72 காட்டினால் வித்தியாசம் 46. செய்யிற வேலை மாறாமல் இப்பிடி ஏறினால், பேனில தூசி அடைஞ்சிருக்கும், இல்லாட்டி சூட்டைக் கடத்தச் சீபியூவில பூசுற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். அதால நான் வித்தியாசத்தைத்தான் பாக்கிறது. அறைக்கு ஈஎஸ்பி32 எண்ட சின்ன வைஃபை போர்ட் ஒண்டு, அதோட வெப்பநிலை அளக்கிற பிஎம்இ280 சென்சர். ஹோம் அசிஸ்டன்டில கணக்குப் போடுற டெம்ப்ளேட் சென்சரில சீபியூ சூட்டில இருந்து அறைச் சூட்டைக் கழியுங்கோ. அறைச் சென்சரைச் சேர்வருக்குள்ள காத்து போற பக்கம் வையுங்கோ. சூடு வெளிய வாற பக்கம் வைச்சால் கணக்கே பிழைச்சுப் போகும்.

நிலாவெளியில இருந்து: என்ர சேர்வர் ராஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கொம்பியூட்டர் அண்ணா. 70 தாண்டினால் போனுக்கு மெசேஜ் வரச் செய்தன். இப்ப நிமிசத்துக்கு ஒண்டு வருது!

70ஐச் சுத்தி ஏறி இறங்குது தங்கச்சி, ஏறுற நேரமெல்லாம் அடிக்குது. பை 80இலதான் தன்ர வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். 75 எண்டு வைச்சு, 5 நிமிசம் தொடர்ந்து நிண்டால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கோ.

உவர்மலையில இருந்து: தம்பி, சூடு கூடினால் ஸ்மார்ட் பிளக்கால கரண்டை வெட்டிவிடலாமோ?

வேண்டாம் ஐயா. டிஸ்கில எழுதிக்கொண்டிருக்கேக்க வெட்டினால் ஃபைல் பழுதாகும். முதல்ல ஷட்டவுன் கட்டளை, பிறகு 2, 3 நிமிசம் விட்டு பிளக்.

சீனன்குடாவில இருந்து: ஹோம் அசிஸ்டன்டும் அதே சேர்வரிலதான் ஓடுது. பிரச்சினையா?

நோயாளி தனக்குத் தானே நாடி பிடிக்கிற மாதிரி. சேர்வர் விழுந்தால் ஆர் மெசேஜ் அனுப்புறது? வேற பெட்டியில வைக்க ஏலாட்டி, அந்த ஈஎஸ்பி32இல ஒரு பஸர் பூட்டுங்கோ. போர்ட்டுக்குக் கட்டளை எழுதுற ஈஎஸ்பிஹோம் மென்பொருளில எழுதுறது போர்ட்டுக்குள்ளயே ஓடும், அறை சூடேறினால் அது தானாகக் கத்தும். ஒண்டு மறக்காதேங்கோ: ஹோம் அசிஸ்டன்ட் தொடர்பில்லாமல் 15 நிமிசம் போனால் போர்ட் தானே ரீபூட் ஆகும். அந்த ரீபூட் டைம்அவுட்டை 0 ஆக்குங்கோ.

கடற்கரை வீட்டில இருந்து: சேர்வரை யன்னலடியில வைச்சால் குளிர்மையா இருக்குமே?

நானும் அப்பிடித்தான் நினைச்சு வைச்சன். இரண்டு வருசத்தில உப்புக் காத்துப் பட்டுத் துருவேறி, பேன் திருகாணி ஒண்டையும் கழட்டேலாமல் போச்சு.