பட்டாவும் வெடையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தை மாதத்தில் எங்கள் பெருவிடைக் கோழியை (சண்டைக்கோழி இனம்) ஒன்பது முட்டைகளில் அடை வைத்தோம். ஏழு குஞ்சுகள் தேறின. இப்போது எட்டு வாரம். ஆறாவது வாரத்தில் பூ (கொண்டை) சிவந்தால் சேவல் என்று படித்தேன். ஒன்றுக்கும் சிவக்கவில்லை. உருண்டை முட்டைகளாகப் பார்த்து வைத்ததால் ஏழும் வெடைதான் (இளம் பெட்டை) என்கிறார் மாமியார். நிமிர்ந்து நின்று சண்டை போடுவதைப் பார்த்து, நான்கு பட்டா (இளஞ்சேவல்) என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். எதை நம்புவது?

ஒரு வாசகி, தாராபுரம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியாரின் கணக்கை எங்கள் அப்பத்தாவும் வைத்திருந்தார். ஆனால் கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது சேவலின் விந்தணு அல்ல, தாய்க்கோழியின் கருமுட்டை. அது சூலகத்தை விட்டு வெளியேறும் தறுவாயிலேயே முடிவாகிவிடுகிறது. ஓடு அதன் பிறகுதான் கட்டுகிறது என்பதால், கூர்மையோ உருண்டையோ உள்ளே இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

பூ சிவப்பதைப் பற்றி நீங்கள் படித்தது லெகார்ன் போன்ற, ரம்பம்போல ஒற்றைப் பூ உள்ள இனங்களுக்குச் சரி. பெருவிடையில் பலவற்றுக்குப் பூ மூன்று வரிசையாகத் தலையோடு ஒட்டிக் கிடக்கும், தாடியும் பேருக்குத்தான். அவற்றில் எட்டு வாரத்தில் சிவப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெரியவர் சொன்ன அடையாளமும் இங்கே உதவாது, ஏனெனில் இந்த இனத்தில் வெடையும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்கும், சண்டையும் போடும். பொரிப்பகங்களில் ஒரு நாள் குஞ்சையே பிரிக்கிறார்களே என்று கேட்பீர்கள். குதத்தைப் பிதுக்கிப் பார்க்கும் அந்த வித்தை 1930களில் ஜப்பானியரிடமிருந்து உலகெங்கும் பரவியது, பழகாத கை குஞ்சைக் கொன்றுவிடும். இறக்கையின் நீளத்தைப் பார்த்துப் பிரிப்பதோ அதற்கென்றே இணை சேர்த்த கலப்பினங்களில் மட்டும் செல்லும்.

நான் நம்புவது இடுப்பு இறகை. பன்னிரண்டு, பதிமூன்று வாரம் ஆனபின், இருட்டியதும் கொடாப்பிலிருந்து (கோழிக்கூண்டு) ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, வாலுக்குச் சற்று முன்னால், முதுகின் இரு பக்கமும் விரலால் இறகை விலக்கி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டாவுக்கு அங்கே புதிதாக முளைப்பவை ஒடுங்கி, நுனி கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். வெடைக்கு நுனி விரல்நகம்போல வட்டமாக வளைந்து, மங்கலாகவே இருக்கும். ஓரிறகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குஞ்சுப் பருவத்து இறகு இருபாலுக்கும் வட்டமாகத்தான் இருக்கும். நான் அவசரப்பட்டு, கால் தடித்திருக்கிறது என்பதற்காகப் பட்டா என்று சொல்லி உறவினருக்குக் கொடுத்த ஒன்று, ஐந்தாம் மாதம் அவர் வீட்டுச் சாணிக்கூடையில் முட்டையிட்டது. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். காலின் பின்புறம் முளைக்கும் முள்ளையும் நம்ப வேண்டாம், வயதான பெட்டைகள் சிலவற்றுக்கும் அது முளைக்கும்.

ஆகவே சித்திரை முடியும்வரை எதையும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். பெரியவர் பட்டா என்று சொன்ன நான்கின் காலிலும் இப்போதே சிவப்பு நூல் கட்டிவையுங்கள், பிறகு இறகோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால் பருக்கும்போது நூல் இறுகும். வாரம் ஒருமுறை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள்.