தக்காளியும் மூளையும்

கேள்வி: அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலை உறையவைத்து, பிற்காலத்தில் உயிர்ப்பிக்கப் பாதுகாக்கிறார்களாமே! பணம் இருந்தால் மரணத்தையும் வென்றுவிடலாம், இல்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: எழுப்புவது இருக்கட்டும், ஒழுங்காக உறையவைப்பதே பெரும்பாடு.

ஒரு தக்காளியை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள். கொழகொழவென்று ஆகியிருக்கும். உள்ளே உருவான பனிப் படிகங்கள் செய்த வேலை அது. மூளைக்கு அந்தக் கதி வராமலிருக்க, ரத்தத்தை வெளியேற்றிவிட்டு ஒரு ரசாயனக் கரைசலை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். நீர் படிகமாகாமல் கண்ணாடி போல இறுகும். சரி, நல்ல யோசனைதான். ஆனால் இதயம் நின்று நேரமாக ஆக, மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டுவிடும். கரைசல் போய்ச் சேராத இடமெல்லாம் பனிக்கட்டிதான்.

டாக்டர் மரணத்தை அறிவிக்கும்வரை உடலைத் தொடச் சட்டம் விடாது. அறிவித்த மறுநிமிடமே ஐஸ் குளியல், நெஞ்சை அழுத்தும் இயந்திரம், ரத்தம் கட்டாமலிருக்க ஹெபாரின் என்று எல்லாம் ஆரம்பமாக வேண்டும். அதற்கு ஒரு குழு நாட்கணக்கில் கட்டிலருகே காத்துக் கிடக்க வேண்டும். (பாட்டி கண்மூடும் நேரம் பார்த்து வாசலில் ஐஸ் மூட்டையோடு ஆட்கள் நிற்பதை நினைத்துப் பாருங்கள்!) தூக்கத்தில் மாரடைப்பு வந்தால்? விபத்து என்றால் பிரேதப் பரிசோதனை வேறு. பணக்காரர் என்பதற்காக எமன் தேதி சொல்லிவிட்டு வருவதில்லை.

எல்லாம் கச்சிதமாக நடந்தாலும் தொல்லை தீராது. அந்தக் கரைசலே செல்களுக்கு நஞ்சு. மைனஸ் 120 டிகிரிக்குச் சற்றுக் கீழே கண்ணாடியாக இறுகியதை, திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 வரை இறக்கும்போது விரிசல் விழுகிறது. 2018இல் ஒரு பன்றி மூளையின் நுண்ணமைப்பை அழகாகக் காப்பாற்றிப் பரிசு வாங்கினார்கள். ஆனால் அதற்கு முதலில் ஏற்றியது, ஆய்வக மாதிரிகளைப் பதப்படுத்தும் ஆல்டிஹைடு வகை ரசாயனம். வடிவம் மிஞ்சும், உயிர்?

அப்புறம், உங்கள் பணம். கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறையில் இப்படி வைத்திருந்த ஒன்பது உடல்கள், நைட்ரஜன் நிரப்பப் பணமில்லாமல் அழுகிப்போனது 1979இல் வெளியே வந்தது. 1967இல் உறையவைக்கப்பட்ட முதல் மனிதரான பேராசிரியர் பெட்ஃபோர்டோ இன்றும் அரிசோனாவில் உறைந்தபடியே இருக்கிறார். இடையில் பல வருடம் அவரை இடம் மாற்றி மாற்றிக் காத்தது அவர் குடும்பம்.