சத்திரசிகிச்சை செய்து நான்கு வருடம், நிறையும் குறைந்துவிட்டது: இன்னும் கிளினிக், குளிசை எல்லாம் தேவையா?

கேட்டவர் வவுனியாப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். நிறை குறைக்கும் சத்திரசிகிச்சை செய்து நான்கு வருடம், 36 கிலோ குறைந்தது, சீனி வருத்தக் குளிசையையும் நிற்பாட்டியாயிற்று, ஒரு குறையும் இல்லை, பிறகெதற்குக் கொழும்புக்குப் போய் வரிசையில் நின்று இரத்தம் கொடுக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க விட்டமின் போடச் சொல்வது மருந்துக் கம்பனிக்காரரின் கதையா என்று கேட்கிறார்.

போக வேண்டும், போடவும் வேண்டும். கம்பனிக்காரரின் கதை இல்லை. இதே கேள்வியை நானும் கேட்டேன், ஆனால் டொக்டரிடம் கேட்காமல் எனக்குள்ளேயே கேட்டு நானே பதிலும் சொல்லி விட்டுவிட்டேன். அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் விசுவமடு. வயது 47, சங்கக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2009 இல் போர் முடிந்து செட்டிகுளம் முகாமில் நிறுத்துப் பார்த்தபோது 43 கிலோ. 2017 இல் 118. இடையில் என்ன நடந்தது என்று கொழும்பில் டொக்டர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பசி கண்ட வீட்டில் கோப்பையில் சோறு மிஞ்ச விடமாட்டார்கள், அம்மா இன்றைக்கும் அரிசி வாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பா, பிள்ளைகள் மிச்சம் வைத்ததையெல்லாம் நான்தான் வழித்துச் சாப்பிட்டேன். இடது முழங்காலுக்குள் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது, அதனால் நடையும் இல்லை. 36 வயதில் சீனி, 38 இல் பிரஷர். 2018 இல் இரைப்பைப் பைபாஸ் செய்தார்கள்.

பைபாஸ் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்ன முட்டையளவு, 30 மில்லிலீற்றர் வரும், அந்தளவு பையை மட்டும் பிரித்தெடுத்து, சிறுகுடலைக் கீழே வெட்டிக் கொண்டுவந்து அதனோடு தைத்து விடுவார்கள். மிச்ச இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் உள்ளேதான் இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியால் போகாது. இரும்புச்சத்தும் கல்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அந்த வழியில்தான். போர் நேரம் வன்னிக்கு வரும் ஏ9 பாதையைப் பூட்டி வைத்திருந்த காலம் ஞாபகமா? சாமான் இல்லாமல் இல்லை, வவுனியாவில் கடை கடையாகக் கிடந்தது, இங்கே வரப் பாதைதான் இல்லை. நீங்கள் மீனும் கீரையும் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புக்குள் நடப்பது அதுதான். பாதை பூட்டின அன்றைக்கே யாரும் பட்டினி கிடக்கவில்லையே, வீட்டில் அடுக்கி வைத்த மூட்டை இருந்தது. விட்டமின் பி12 ஐ ஈரல் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது, சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்கு ஐந்து வருடம்கூடத் தாங்கும். உங்களுக்கு இப்போது நான்காவது வருடம். "ஒரு குறையும் இல்லை" என்று நீங்கள் எழுதியதை வாசிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான்.

எனக்கு 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கிளினிக் தவறியது. அடுத்த திகதிக்கும் போகவில்லை. வாங்கி வைத்திருந்த குளிசை முடிந்தது. 2022 இல் டீசலும் இல்லை, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை, பாமசியில் கேட்டால் பாதி மருந்து இல்லை. இதெல்லாம் உண்மைதான், ஆனாலும் சாட்டுத்தான். அப்போது நான் 69 கிலோ. கலியாண வீடுகளில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று "ஆள் பாதியாகிட்டியேடி" என்பார்கள். சுகமில்லாதவர்தானே குளிசை போடுவது, எனக்கென்ன வருத்தம் என்ற எண்ணம்.

2022 முடியப் போகும் நேரம் ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து படியேறும்போது மகள் கேட்டாள், "அம்மா, மற்றச் செருப்பு எங்க?" குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியாது. போய்த் தேடினால் ஒழுங்கை முகப்பில் கிடந்தது, அவ்வளவு தூரமும் கல்லும் முள்ளும் மிதித்து வந்திருக்கிறேன், கால் சொல்லவில்லை. அதற்கு முதலே பாதம் இரண்டும் விறைப்பும் எறும்பு ஊர்வதுமாக இருந்தது, நான் ஷெல் துண்டில் பழியைப் போட்டேன், துண்டு இருப்பது ஒரு காலில், விறைத்தது இரண்டு காலும் என்பதைக்கூட யோசிக்கவில்லை. நாக்கு சிவந்து வழுவழுவென்று எரிந்தது, சம்பல் வாயில் வைக்க முடியாது. கணக்குக் கொப்பியில் ஒரே நிரலை மூன்று தரம் கூட்டினால் மூன்று விடை வரும். வயது போகுது என்று நினைத்தேன்.

இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.9. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 6. பி12 எங்கேயோ அடியில். முதலில் ஒன்றுவிட்ட நாள் ஊசி, பிறகு கிழமைக்கு ஒன்று, இப்போது மாதம் ஒன்று, 1000 மைக்ரோகிராம். இரும்பை சேலைனில் ஏற்றினார்கள். களைப்பும் மறதியும் போய்விட்டது, வலது காலில் இரண்டு விரல் மட்டும் இன்றுவரை விறைப்பாகவே இருக்கிறது, நரம்பு கனநாள் பட்டினி கிடந்தால் முழுக்கத் திரும்பாது என்று டொக்டர் சொன்னார். சத்திரசிகிச்சைக்கு முன் வருடக்கணக்காக மெற்போமின் என்கிற சீனிக் குளிசை போட்டதையும் கேட்டுக் குறித்தார். அந்தக் குளிசையும் பி12 ஐக் குறைக்குமாம், ஆக எனக்கு மூட்டை ஏற்கெனவே பாதிதான் இருந்திருக்கிறது. நீங்களும் முந்தி அது போட்டிருந்தால் கவனம். இன்னொன்று, இரத்தம் காணாது என்று நீங்களாகப் போலிக் அமிலம் மட்டும் வாங்கிப் போடாதீர்கள். இரத்தம் தேறினமாதிரிக் காட்டும், பி12 இல்லாமல் நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

பி1 என்கிற தயமின் இதற்கு நேர் எதிர். அதற்கு மூட்டையே கிடையாது, சில கிழமைக்குத்தான் காணும். சத்தி நிற்காமல் எடுத்தாலோ நாட்கணக்கில் சாப்பிட முடியாமல் போனாலோ தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கதை குழம்புவது எல்லாம் அதன் அறிகுறி, நாள் கடத்தினால் மூளையைத் தாக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் "எனக்கு இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதற்கு நான் இரண்டாம் தரமும் பட்டிருக்கிறேன். போன வருடம் முழங்கால் வலி கூடி ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். பெயரில்லாத கடதாசிப் பையில் மூன்று வகைக் குளிசை. ஒன்பது நாள் போட்டேன், மலம் தார் மாதிரிக் கறுத்தது. அதில் ஒன்று டைக்குளோபெனக். பைபாஸ் செய்தவருக்கு டைக்குளோபெனக், இபுபுரூபன் வகை வலிக் குளிசைகள் ஆகாது, தைத்த மூட்டில் புண் வைக்கும். புகைத்தாலும் அப்படித்தான். கமராவை விட்டுப் பார்த்து, புண் என்று சொல்லி, மாதக்கணக்கில் மருந்து தந்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, யாரைக் குறை சொல்ல? இப்போது பேர்சில் ஒரு மட்டை வைத்திருக்கிறேன். என்ன சத்திரசிகிச்சை, எந்த வருடம், வலிக்குப் பனடோல் மட்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி. அனுராதபுரத்தில் பஸ்ஸுக்குள் மயங்கி விழுந்தால் நான் கதைக்க மாட்டேன், மட்டை கதைக்கும்.

வயிற்றுக்குத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிறை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் வரும், அது பலருக்கும் தெரியும். தெரியாதது, பைபாஸ் செய்தவருக்கு எத்தனையோ வருடம் கழித்தும் குடல் உள்ளே ஒரு இடைவெளியால் நுழைந்து மாட்டிக்கொள்ளலாம் என்பது. சாப்பிட்ட பிறகு கடுமையான குத்து, வந்து வந்து போகும், ஸ்கானில் சிலவேளை பிடிபடாது. வாயு என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிற விசயமில்லை. இரவென்றாலும் ஓட்டோவைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலும்பு இதைவிடக் கள்ளத்தனமானது. நான் ஒவ்வொரு தரமும் கல்சியம் ரிப்போட்டைப் பார்த்து, அளவு சரி என்று சந்தோசப்படுவேன். அது சரியாகத்தான் இருக்கும், சாப்பாட்டில் வராததை எலும்பிலிருந்து கரைத்து உடம்பு இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். வீட்டில் இருக்கிற நகையை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டு வெளியே கௌரவமாக நடப்பதைப் போல. அதனால் விட்டமின் டியும் பீ.ரி.எச். என்கிற ஹோர்மோனும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பீ.ரி.எச். ஏறியிருந்தால் நகை போகிறது என்று அர்த்தம். கல்சியம் குளிசையிலும் காபனேற் வகைக்கு இரைப்பை அமிலம் தேவை, எங்களுக்கு அது குறைவு, சிற்றேற் வகைதான் நல்லது. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், அதையும் ஒரேயடியாகப் போடாமல் பிரித்து. இரும்புக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விட வேண்டும். இரும்புக்குப் பக்கத்தில் தேத்தண்ணியும் வரக்கூடாது, இதுதான் எனக்குப் பெரிய தண்டனை, விடியப் பிளேன்ரீ இல்லாமல் எனக்குக் கண் திறக்காது. அதனால் இரும்பை இரவுக்கு மாற்றிவிட்டேன்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு சட்டம்தான்: மீன் முதல், சோறு கடைசி. நாளுக்கு 60 கிராம் புரதம் என்று சொல்லிவிடுவார்கள், எங்கள் கோப்பையில் சோறு மலை, மீன் ஒரு துண்டு, அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இரணைமடுக் குளத்து மீன், முட்டை, பயறு, எருமைத் தயிர் என்று இங்கே ஒன்றுக்கும் குறைவில்லை. முறிகண்டியில் பஸ் நின்றால் கச்சான் வாங்குவேன், ஆனால் ஒரு சுருளை முடிக்கக் கொழும்பு வந்துவிடும். பனங்கட்டிப் பாயாசம் ஒருதரம் ஆசைக்கு ஒரு கோப்பை குடித்து, கால் மணித்தியாலத்தில் நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டி, கோயில் மடத்தில் படுத்துக் கிடந்தேன். கள்ளும் அப்படித்தான், ஆண்கள் வாசித்தால் கேளுங்கள், பைபாஸ் வயிற்றில் வெறி சட்டென்று ஏறும், முந்திப் பழகாத சிலர்கூடச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடிக்கு அடிமையாகியிருக்கிறார்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கக்கூடாது, அரை மணித்தியாலம் விட்டு மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். இந்த வெயிலில் அதை நாள் முழுக்கச் செய்யாவிட்டால் சிறுநீரகத்தில் கல் வரும், அதுவும் பைபாஸ் காரருக்குக் கூடுதல்.

சொல்லக் கஷ்டமான ஒன்று. மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சிரட்டையில் கஞ்சி கொடுப்பார்கள் இல்லையா, அதை என்னால் முடிக்க முடிவதில்லை. பாதியில் வயிறு நிறைந்துவிடும். முதல் வருடம் அம்மா என் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றா, ஒன்றும் சொல்லவில்லை, மிச்சத்தை வாங்கிக் குடித்தா. மிஞ்சினதை வழித்துச் சாப்பிடுகிற பழக்கம் என் கையை விட்டு இன்னும் போகவில்லை, வயிறு சின்னதானாலும் கை பழைய கைதான். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொறித்தால் முட்டையளவு வயிறும் ஒன்றும் செய்யாது. 69 இலிருந்து இப்போது 77. கொஞ்சம் திரும்ப ஏறுவது வழமை என்கிறார் டொக்டர், ஆனாலும் எச்.பி.ஏ.1சி. என்கிற மூன்று மாதச் சீனிக் கணக்கை வருடம் தவறாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார், சீனி போனது போனதுதான் என்று நினைக்கக் கூடாதாம்.

கொழும்புக்கு ஒவ்வொரு தரமும் போக வேண்டியதில்லை. நான் செய்வது இதுதான். ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் முடிந்த கிழமை கிளிநொச்சியில் இரத்தம் கொடுப்பேன், முழு இரத்தக் கணக்கு, பெரிட்டின், பி12, விட்டமின் டி, கல்சியம், பீ.ரி.எச்., சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம். சிலதை வெளியே அனுப்பித்தான் பார்ப்பார்கள், கிழமை ஒன்று போகும், காசும் கொஞ்சம் போகும், நான் அதற்கென்று சீட்டில் தனியாகப் போட்டு வைக்கிறேன். வந்த எண்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் வருடத்துக்கு ஒரு நிரலாக எழுதி, பக்கத்து டொக்டரிடம் காட்டி, சந்தேகம் என்றால் மட்டும் கொழும்பு. கணக்கு எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன், ஒரு ரிப்போட்டைத் தனியாகப் பார்த்தால் எல்லாம் "சரி"யாகத்தான் இருக்கும். மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பெரிட்டின் 60, 38, 19 என்று இறங்குவது கண்ணில் படும்.

நீங்கள் செய்தது ஸ்லீவா பைபாஸா என்று எழுதவில்லை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்திருப்பார்கள், பாதை மாறவில்லை, அதனால் இரும்பும் கல்சியமும் என்னளவுக்குக் குறையாது, ஆனால் பி12 குறையத்தான் செய்யும், நெஞ்செரிவும் வரலாம். வீட்டில் பழைய ஆஸ்பத்திரித் துண்டு இருக்கும், தேடிப் பார்த்து எழுதுங்கள். பாதம் விறைக்கிறதா என்பதையும் எழுதுங்கள். நாளைக்கு எனக்கு ஊசி நாள், மத்தியானத்துக்குப் பிறகுதான் போன் பார்ப்பேன்.