வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் படித்த பாடங்கள் என்னாகும்?

கேள்வி: வணிக மேலாண்மை இளநிலையில் இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறேன். இதுவரை படித்ததெல்லாம் கணக்கில் வருமா?

முழுவதும் வருவது அபூர்வம். ஒரு பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் புள்ளியான கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு. எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்றார்கள் என்பது வேறு. நீங்கள் முடித்த நிதிக் கணக்கியலை அங்கேயும் நிதிக் கணக்கியலாகவே எடுத்துக்கொண்டால், நேரே மேலாண்மைக் கணக்கியலுக்குப் போகலாம். பொது விருப்பப் பாடமாகச் சேர்த்தால் கிரெடிட் எண்ணிக்கை மட்டும் கூடும். பாடத்தை மறுபடி படித்தாக வேண்டும். அது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் பாடமென்றால், அதை நம்பியிருக்கும் அடுத்த பாடங்களும் ஓராண்டு தள்ளிப்போகும். ஆகவே 'இத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது' என்ற கடிதத்தோடு திருப்தியடையாதீர்கள். பாடத்துக்குப் பாடம் ஈடு காட்டும் பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.

கணிதம், புள்ளியியல், நுண்பொருளியல், பேரியல் பொருளியல் போன்ற அடிப்படைப் பாடங்களில் தகராறு குறைவு. மார்க்கெட்டிங், கார்ப்பரேட் ஃபைனான்ஸ் போன்றவற்றில்தான் சிக்கல். நீங்கள் இரண்டாம் ஆண்டில் படித்தது அங்கே மூன்றாம் ஆண்டுப் பாடமாக இருந்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலை போதாது என்று ஒதுக்கிவிடுவார்கள். வணிகக் கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் சர்வதேச அமைப்பான ஏஏசிஎஸ்பியின் அங்கீகாரம் உள்ள சில கல்லூரிகள், மேல்நிலைப் பாடங்களை அதே அங்கீகாரமுள்ள இடத்தில் படித்திருந்தால் மட்டுமே ஏற்கும்.

பாடத்திட்டங்களை இப்போதே சேமித்துவையுங்கள். வாரவாரித் தலைப்புகள், பாடநூல், வகுப்பு நேரம், தேர்வு எடை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பத்தி விவரணையை வைத்து யாரும் ஈடு தரமாட்டார்கள். விலகியபின் மாணவர் கணக்கு மூடப்பட்டால் இவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கிரெடிட் மாற்று விகிதத்தையும் பாருங்கள். ஐரோப்பிய முறையில் முழு ஆண்டுக்கு 60. அமெரிக்க செமஸ்டர் முறையில் சுமார் 30. அங்கேயே ஆண்டை நான்காகப் பிரிக்கும் காலாண்டு முறையில் பெற்ற 4 கிரெடிட், செமஸ்டர் கணக்கில் 2.67தான். 3 கேட்கும் இடத்தில் அந்தச் சிறு குறை ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: மதிப்பெண் சராசரி குறைவு. மாறினால் புதிதாகத் தொடங்கலாமா?

பெரும்பாலும் பாடங்களின் கிரெடிட்தான் புதிய இடத்துக்கு வரும், பழைய சராசரி கூடவே வராது. புதிய இடத்தின் சராசரி அங்கே படிப்பதிலிருந்து தொடங்கும். ஆனால் சேர்க்கையின்போது பழைய மதிப்பெண்களை அலசிப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே பெற்ற பாடங்களுக்குக் கிரெடிட்டும் கிடைக்காது.

இன்னொன்று: பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலே வணிகப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாக ஆகாது. பல இடங்களில் அதற்குத் தனி விண்ணப்பம், தனி கட்-ஆஃப். அது உறுதியாகும்வரை பழைய இடத்தை விடாதீர்கள்.

கேள்வி: எப்போது விலகல் கடிதம் கொடுப்பது?

சேர்க்கைக் கடிதம், பாடங்களுக்கு ஈடு காட்டும் பட்டியல், உதவித்தொகை முடிவு மூன்றும் கைக்கு வந்தபின். நூலக அபராதம் உட்பட எல்லா நிலுவையையும் கட்டிவிடுங்கள். சிறு பாக்கிக்காகக்கூட மதிப்பெண் சான்றிதழை நிறுத்திவைப்பதுண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்கள் விலகும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும்.